அன்றாடச் செலவுகளில் சிறு மாற்றங்களால் பணம் சேமிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுச் செலவைக் குறைப்பது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஏறக்குறைய ஒரே வகையான ஐயங்களையே கேட்டு வந்திருக்கிறேன். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே தொகுத்து, ஒவ்வொன்றுக்கும் விடை எழுதியிருக்கிறேன். எளிய கேள்விகள் முதலிலும் சிக்கலானவை பின்னரும் வருகின்றன. நாணயம் நாட்டுக்கு நாடு வேறுபடும் என்பதால் தொகைகளை விழுக்காடாகவோ வெறும் எண்ணாகவோ மட்டும் தந்திருக்கிறேன்.

சின்னச் சின்னச் செலவைக் குறைத்தால் உண்மையிலேயே பணம் சேருமா, இல்லை ஆறுதலுக்குச் சொல்கிறார்களா?

சேரும். ஆனால் எல்லாச் சிறு செலவுகளுக்கும் ஒரே எடை கிடையாது. மாத வருமானத்தை 1000 பங்குகளாக வைத்துக்கொண்டால், ஒரே ஒரு பங்கு அளவுள்ள செலவு கணக்கில் வராதது போலத்தான் தோன்றும். அது நாள்தோறும் நிகழுமானால் ஆண்டுக்கு 365 பங்கு ஆகிவிடுகிறது; அதாவது ஒரு மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் வரும் அதே அளவுச் செலவை விட்டொழிப்பதால் எதுவும் மாறப்போவதில்லை. ஆகவே ஒரு செலவின் அளவைக் காட்டிலும் அது எத்தனை முறை திரும்ப வருகிறது என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

இத்துடன் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். செலவைக் குறைப்பது ஒரு வேலை. அப்படிக் குறைந்த பணத்தைத் தனியே எடுத்து வைப்பது இன்னொரு வேலை. முதல் வேலையை அக்கறையோடு செய்யும் பலர் இரண்டாவதைச் செய்யாததால்தான், இவ்வளவு சிக்கனமாக இருந்தும் ஒன்றும் மிஞ்சவில்லையே என்று மனம் தளர்கிறார்கள். இதன் விவரம் பின்னால் தனிக் கேள்வியாகவே வருகிறது.

எங்கிருந்து தொடங்குவது?

எதையும் குறைக்காமல் ஒரு மாதம் கணக்கு எழுதுவதிலிருந்து தொடங்குங்கள். குறைக்கும் எண்ணத்தோடு எழுதத் தொடங்கினால், வெட்கப்பட்டுச் சில செலவுகளை எழுதாமல் விட்டுவிடுவோம், கணக்கு பொய்யாகிவிடும். ஜப்பானில் ஹானி மோட்டோகோ என்ற பெண் பத்திரிகையாளர் 1904ஆம் ஆண்டிலேயே குடும்பக் கணக்கேடு ஒன்றை அச்சிட்டு வெளியிட்டார். ககேபோ என்ற பெயரில் அந்த வழக்கம் இன்றும் அங்கே நீடிக்கிறது. எழுதும் செயலே செலவைப் பற்றி நின்று யோசிக்க வைக்கிறது என்பதே அதன் பலம்.

நான்கு பத்திகள் போதும்: தேதி, பொருள், தொகை, ஒரு குறி. வாங்க வேண்டும் என்று முன்பே நினைத்து வாங்கியதானால் குறி தேவையில்லை. போன இடத்தில் அந்த நிமிடத்தில் தோன்றி வாங்கியதானால் ஒரு புள்ளி வையுங்கள். மாத முடிவில் ஏட்டைப் புரட்டினால் புள்ளிகள் சீராகப் பரவியிருப்பதில்லை. சம்பளம் வந்த முதல் வாரத்தில் கொத்தாக இருக்கும், அல்லது வேலை முடிந்து களைப்போடு திரும்பும் மாலை நேரத்துப் பதிவுகளில் குவிந்திருக்கும். எங்கே குவிகின்றன என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதைக் கண்டுபிடித்துவிட்டால் எதை மாற்ற வேண்டும் என்பதை வேறு யாரும் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

எனக்குத் தினமும் எழுதுகிற பொறுமை கிடையாது. வேறு வழி இல்லையா?

உண்டு. வங்கிக் கணக்கு அறிக்கை, கார்டு அறிக்கை, கைப்பேசிப் பணப் பரிமாற்றப் பட்டியல் ஆகியவற்றைக் கடந்த மூன்று மாதங்களுக்கு எடுத்து வைத்துக்கொண்டு, மூன்று நிறப் பேனாக்களால் கோடிடுங்கள்: தவிர்க்க முடியாதவை ஒரு நிறம், விரும்பிச் செய்தவை ஒரு நிறம், ஏன் செய்தோம் என்றே நினைவில்லாதவை மற்றொரு நிறம். ஒரு மணி நேர வேலைதான். மூன்றாவது நிறத்தின் கூட்டுத்தொகையே நீங்கள் எளிதாக மீட்கக்கூடிய பணம்.

ரொக்கமாகச் செய்த செலவுகள் இதில் வரமாட்டா. அதற்கு, வாரத் தொடக்கத்தில் ஒரு தொகையை எடுத்து உறையில் போட்டுவிட்டு, வார முடிவில் மீதியை மட்டும் எண்ணிக் குறித்துக்கொண்டால் போதுமானது.

எந்தச் செலவை முதலில் குறைப்பது?

ஒரே ஒரு முறை முடிவெடுத்தால் மாதாமாதம் தானாகப் பலன் தருபவற்றை முதலில் கையில் எடுங்கள். பயன்படுத்தாத சந்தாவை நிறுத்துவது, தேவைக்கு மேற்பட்ட கைப்பேசித் திட்டத்தைக் குறைந்ததற்கு மாற்றுவது, தாமதக் கட்டணம் வராதபடி கட்டண நாட்களை ஒழுங்குபடுத்துவது ஆகியவை இந்த வகை. இவற்றுக்குத் தினசரி மனவுறுதி தேவைப்படாது. நாள்தோறும் ஆசையை அடக்க வேண்டிய மாற்றங்களை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். அவற்றிலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் எடுப்பது நல்லது.

மருந்து, மருத்துவப் பரிசோதனை, காப்பீடு, வாகனத்தையும் வீட்டையும் பழுதில்லாமல் வைத்திருக்கும் பராமரிப்பு, தொழிலுக்கு வேண்டிய கருவிகள் ஆகியவற்றில் கை வைக்காதீர்கள். அங்கே இன்று விடும் சிறு தொகை நாளை பெருஞ்செலவாகத் திரும்பி வரும்.

மாதச் சந்தா எல்லாம் சின்னத் தொகைதானே, அதில் என்ன பெரிதாக மிச்சமாகும்?

சந்தாவின் ஆபத்து அதன் தொகையில் இல்லை. அது நம்மைக் கேட்காமலே கழிந்துவிடுவதில் இருக்கிறது. கடையில் ஒரு பொருளை வாங்க ஒவ்வொரு முறையும் முடிவெடுத்தாக வேண்டும். சந்தாவிலோ, எதுவும் செய்யாமல் இருந்தாலே பணம் போய்க்கொண்டிருக்கும். அதனால்தான் இலவசச் சோதனைக் காலம் தரும் பல சேவைகள் தொடக்கத்திலேயே கார்டு விவரத்தைக் கேட்டுப் பெறுகின்றன. அப்படிச் சேரும் நாளிலேயே ரத்தையும் பதிவு செய்துவிடுங்கள். சோதனைக் காலம் முடியும்வரை பயன்படுத்தப் பல சேவைகள் அனுமதிக்கும். அனுமதிக்காத சேவையானால், முடியும் தேதிக்கு இரண்டு நாள் முன்னதாகக் கைப்பேசியில் நினைவூட்டல் வையுங்கள்.

ஆண்டுச் சந்தா மலிவு என்பதையும் கணக்கிட்டே ஏற்க வேண்டும். பத்து மாதக் கட்டணத்துக்குப் பன்னிரண்டு மாதம் என்று சொன்னால், எட்டாவது மாதத்தில் அதைப் பயன்படுத்துவதை விட்டுவிடுபவருக்கு இரண்டு மாதக் கட்டணம் நட்டம். மூன்று மாதம் மாதச் சந்தாவில் இருந்து பார்த்து, விடாமல் பயன்படுத்துகிறோம் என்று உறுதியான பின் ஆண்டுச் சந்தாவுக்கு மாறுவதே பாதுகாப்பு.

பெரிய பாக்கெட்டாக வாங்கினால் மலிவு என்பது சரிதானே?

பல நேரம் சரி; எப்போதும் சரியல்ல. சலவைத் தூளை எடுத்துக்கொள்வோம். 400 கிராம் பை 60, 1 கிலோ பை 160 என்று விலை போட்டிருந்தால், 100 கிராமுக்குச் சிறிய பையில் 15, பெரிய பையில் 16 ஆகிறது. பெரியதுதான் விலை அதிகம். பையின் முகப்பை விட்டுவிட்டு, ஒரு கிலோவுக்கு அல்லது ஒரு லிட்டருக்கு என்ன விலை என்பதை மட்டும் ஒப்பிடுங்கள். சில நாடுகளில் இந்த அலகு விலையை அலமாரிச் சீட்டில் அச்சிடுவது சட்டப்படி கட்டாயம். இல்லாத இடத்தில் கைப்பேசியிலேயே வகுத்துப் பார்த்துவிடலாம்.

விலையை ஏற்றாமல் எடையைக் குறைக்கும் வழக்கமும் உண்டு. 500 கிராம் இருந்த பை அதே விலையில் 450 கிராமாக மாறினால், அது ஏறத்தாழ 11 விழுக்காடு விலையேற்றத்துக்குச் சமம். அலகு விலையைப் பார்க்கும் பழக்கம் உள்ளவர் மட்டுமே இதை உடனே கவனிப்பார். மேலும், வீட்டில் நிறைய இருக்கிறது என்ற நினைப்பில் தாராளமாகப் பயன்படுத்திவிடுவதும், கெட்டுப்போகும் பொருள் பாதியில் குப்பைக்குப் போவதும் பெரிய பாக்கெட்டில் கிடைத்த சிறு இலாபத்தை அழித்துவிடும்.

தள்ளுபடியில் வாங்குவதும் சேமிப்புதானே?

எப்படியும் வாங்கவிருந்த பொருளாக இருந்தால் மட்டுமே. 40 விழுக்காடு தள்ளுபடி என்றால் 60 விழுக்காடு செலவு என்பதே உங்கள் கணக்கேட்டில் ஏறப்போகும் எண். தள்ளுபடி இல்லாதிருந்தால் அந்தப் பொருளை நினைத்தே பார்த்திருக்க மாட்டீர்கள் என்றால், அங்கே மிச்சமானது எதுவும் இல்லை.

அடித்துக் காட்டப்பட்ட பழைய விலை ஏன் அவ்வளவு வலிமையாக வேலை செய்கிறது என்பதற்கு உளவியலில் விளக்கம் உண்டு. ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1974இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சக்கரத்தைச் சுழற்றி எண் வரச் செய்த பிறகு, ஐக்கிய நாடுகள் அவையின் உறுப்பினர்களில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை விழுக்காடு என்று கேட்டார்கள். சக்கரத்தில் 10 வந்தவர்களின் இடைநிலை மதிப்பீடு 25 ஆகவும், 65 வந்தவர்களின் மதிப்பீடு 45 ஆகவும் இருந்தது. எந்தத் தொடர்பும் இல்லாத எண்ணே மனத்தை இவ்வளவு இழுக்கும்போது, பொருளின் மீதே அச்சிட்ட பழைய விலை எவ்வளவு இழுக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். பழைய விலையை விரலால் மறைத்துவிட்டு, இந்தப் பொருளுக்கு நான் இவ்வளவு தருவேனா என்று மட்டும் கேட்டுக்கொள்வது நல்ல தடுப்பு.

அறிவிப்புகளின் கணக்கையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 50 விழுக்காடு தள்ளுபடிக்கு மேல் 20 விழுக்காடு கூடுதல் தள்ளுபடி என்றால் 70 அல்ல, 60 விழுக்காடே. இவ்வளவுக்கு மேல் வாங்கினால் அனுப்பும் கட்டணம் இலவசம் என்ற வரம்பை எட்டுவதற்காகத் தேவையற்ற ஒன்றைச் சேர்த்தால், பெரும்பாலும் அந்தப் பொருளின் விலை அனுப்பும் கட்டணத்தைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

ரொக்கமாகக் கொடுத்தால் செலவு குறையும் என்கிறார்கள். கார்டில் கொடுத்தாலும் அதே தொகைதானே?

தொகை ஒன்றுதான், கொடுக்கும்போது மனம் உணர்வது ஒன்றல்ல. டிரேசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் இருவரும் 2001இல் வெளியிட்ட சோதனையில், விளையாட்டுப் போட்டி நுழைவுச் சீட்டுகளை மாணவர்களிடையே ஏலம் விட்டார்கள். கடன் கார்டில் செலுத்தலாம் என்று சொல்லப்பட்டவர்கள், ரொக்கமாகத் தர வேண்டும் என்று சொல்லப்பட்டவர்களைவிட மிக அதிகமாக, சில நேர்வுகளில் இரு மடங்குவரை கேட்டார்கள். தாள் கையை விட்டுப் போவது கண்ணுக்குத் தெரிகிறது. ஓர் எண் திரையில் மாறுவது அப்படித் தெரிவதில்லை.

இதற்காக எல்லாவற்றையும் ரொக்கத்துக்கு மாற்ற வேண்டியதில்லை. வாடகை, மின்கட்டணம் போன்ற நிலையான தொகைகள் மின்வழியில் போனால் தாமதக் கட்டணம் வராது, பதிவும் இருக்கும். புள்ளிகள் குவியும் இனத்துக்கு மட்டும் ரொக்க உறையை வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும் தளங்களில் சேமித்து வைத்த கார்டு விவரத்தை அழித்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் எழுந்து போய்ப் பணப்பையைத் தேடி எண்களைத் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும் அந்த ஒரு நிமிடத்தில் பல வாங்கல்கள் தாமாகவே கைவிடப்படும்.

வாங்க வேண்டும் என்று தோன்றிவிட்டால் என்னால் அடக்க முடிவதில்லை. என்ன செய்வது?

அடக்க முயலாதீர்கள், தள்ளிப் போடுங்கள். வாங்க மாட்டேன் என்று சொன்னால் மனம் எதிர்த்து வாதாடும், அடுத்த வாரம் வாங்குகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளும். பொருளின் பெயர், விலை, ஆசை தோன்றிய தேதி மூன்றையும் ஒரு பட்டியலில் எழுதி, சிறியதற்கு மூன்று நாள், பெரியதற்கு முப்பது நாள் என்று காத்திருங்கள். நாள் வந்தபோதும் அது வேண்டும் என்று தோன்றினால் குற்றவுணர்வின்றி வாங்குங்கள். பட்டியலில் பாதியைத் தாண்டும்போதே, இதை ஏன் எழுதினோம் என்று வியக்க வைக்கும் பெயர்கள் எதிர்ப்படும்.

விளம்பர மின்னஞ்சல்களையும் கடைகளின் கைப்பேசி அறிவிப்புகளையும் நிறுத்துவது இதற்குப் பெருந்துணை. தோன்றாத ஆசையை அடக்கத் தேவையில்லை. கூடவே, யாருக்கும், உங்களுக்குமேகூட, கணக்குச் சொல்ல வேண்டாத ஒரு சிறு தொகையை மாதந்தோறும் ஒதுக்கிக்கொள்ளுங்கள். முழுவதும் இறுக்கிப் பிடிப்பவர்கள் ஒரே நாளில் மொத்தமாக அவிழ்த்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சாப்பாட்டுச் செலவைக் குறைத்தால் உடம்பு கெட்டுவிடாதா?

தரத்தையோ அளவையோ குறைக்கச் சொல்லவில்லை. குப்பைக்குப் போவதைக் குறைக்கச் சொல்கிறேன். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022இல் உலகில் நுகர்வோரை எட்டக்கூடிய உணவில் 19 விழுக்காடு வீணானது. அந்த வீணில் சுமார் 60 விழுக்காடு வீடுகளிலிருந்தே வந்தது. காசு கொடுத்து வாங்கி, சுமந்து வந்து, சேமித்து வைத்து, பிறகு கொட்டுவதைவிட வேதனையான செலவு எனக்குத் தெரிந்து வேறில்லை.

கடைக்குப் புறப்படுமுன் குளிர்ப்பெட்டியைத் திறந்து பின்வரிசையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். விரைவில் கெடக்கூடியதை முன்னால் இழுத்து வையுங்கள். அடுத்த வேளைக்கு அதையே முதலில் எடுங்கள். பசியோடு கடைக்குப் போகாதீர்கள். இந்த நான்கையும் செய்தாலே போதும், உடம்புக்கு எந்தக் குறையும் வராது.

மின்கட்டணத்தைக் குறைக்க விளக்கை அணைப்பது தவிர வேறு என்ன இருக்கிறது?

வெப்பமும் குளிர்ச்சியும் உண்டாக்கும் கருவிகளே மின்சாரத்தை அதிகம் எடுப்பவை. நீர் சூடாக்கி, குளிரூட்டி, துணி உலர்த்தி ஆகியவற்றில் செய்யும் சிறு மாற்றம் மற்றவற்றில் செய்யும் பெரிய மாற்றத்தைவிடப் பலன் தரும். சூடான நீரில் துவைக்கும் இயந்திரத்தில் பெரும்பகுதி மின்சாரம் நீரைச் சூடாக்கவே போகிறது. சாதாரண நீரில் துவைத்தால் அது முழுவதும் மிச்சம். விளக்கைப் பொறுத்தவரை, 60 வாட் குண்டு விளக்கின் வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. விளக்கு தரும். நாளொன்றுக்கு 5 மணி நேரம் எரிந்தால் ஆண்டுக்கு முன்னது சுமார் 110 யூனிட், பின்னது சுமார் 16 யூனிட்.

பயன்படுத்தாதபோதும் மின்செருகியில் காத்திருக்கும் கருவிகளையும் கவனியுங்கள். 5 வாட் மட்டுமே இழுக்கும் ஒரு கருவி ஆண்டு முழுவதும் அப்படியே இருந்தால் 43.8 யூனிட் ஆகிறது, மேலே சொன்ன எல்.இ.டி. விளக்கின் செலவைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல்.

சிக்கனமான கருவிகளுக்கு மாறிய பிறகும் பில் குறையவில்லையே, ஏன்?

குறைந்த செலவில் இயங்குகிறது என்று தெரிந்ததும் நாம் அதைக் கூடுதல் நேரம் இயக்கத் தொடங்கிவிடுகிறோம். நீராவி இயந்திரங்கள் நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கத் தொடங்கியபோது மொத்த நிலக்கரித் தேவை குறையாமல் கூடுவதை, ஆங்கிலப் பொருளியலாளர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் 1865ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டினார். வீட்டிலும் அதே போக்கு சிறிய அளவில் நிகழலாம். கட்டணத் தொகையைப் பார்க்காமல் யூனிட் எண்ணிக்கையை ஒவ்வொரு மாதமும் எழுதி, கடந்த ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். விலை ஏறியதால் பில் உயர்ந்ததா, பயன்பாடு கூடியதா என்பது அப்போது பிரிந்து தெரியும்.

மலிவானதை வாங்குவதா, விலை கூடினாலும் நல்லதை வாங்குவதா?

விலையை, எத்தனை முறை பயன்படுத்துவீர்கள் என்பதால் வகுத்துப் பாருங்கள். நாள்தோறும் அணியும் காலணி, தூங்கும் மெத்தை, தொழிலுக்கான கருவி ஆகியவற்றில் உறுதியானதே மலிவாக முடியும். ஆண்டுக்கு இரு முறை மட்டும் தேவைப்படும் பொருளுக்கு இரவலும் வாடகையும் போதும். விலை அதிகம் என்பதாலேயே நீடித்து உழைக்கும் என்றும் நம்பிவிட வேண்டாம். பழுது பார்க்க முடியுமா, உதிரிப் பாகம் கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

எல்லாம் குறைத்தேன், ஆனால் மாதக் கடைசியில் அந்தப் பணம் எங்கே போனதென்றே தெரியவில்லை. ஏன் இப்படி?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான். ஓர் இனத்தில் மிச்சமான பணம், செலவுக்கான அதே கணக்கிலேயே கிடந்தால், அது வேறோர் இனத்தில் செலவாகிவிடும். சந்தாவை நிறுத்தியவர் அந்த மாதமே, கையில் கொஞ்சம் கூடுதலாக இருக்கிறதே என்ற உணர்வில், வேறொன்றை வாங்கிவிடுகிறார். அவர் பொய் சொல்லவில்லை, சிக்கனமாக இருக்கவில்லை என்பதும் அல்ல. பணத்துக்குப் போக வேறு இடம் இல்லாததால் அது பழைய வழியிலேயே போயிற்று.

ஆகவே எந்தச் செலவைக் குறைத்தீர்களோ, அதே தொகையை அதே நாளில் எளிதில் எடுக்க முடியாத வேறொரு கணக்குக்கு மாற்றிவிடுங்கள். சந்தா கழியும் தேதியிலேயே அந்தத் தொகை சேமிப்புக்குப் போகும்படி வங்கியில் நிலையான உத்தரவு கொடுத்துவிட்டால், உங்கள் செலவுக் கணக்கு எந்த மாற்றத்தையும் உணராது. அதைவிடச் சிறந்தது, சம்பளம் வரும் நாளன்றே ஒரு பகுதி தானாகப் பிரிந்துவிடுவது. செலவு போக மிஞ்சுவதைச் சேமிக்கலாம் என்று காத்திருப்பவருக்குப் பெரும்பாலும் எதுவும் மிஞ்சுவதில்லை.

இதன் வலிமையை ரிச்சர்ட் தேலரும் ஷ்லோமோ பெனார்ட்ஸியும் 2004இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. ஒவ்வொரு சம்பள உயர்வின்போதும் சேமிப்பு விகிதம் தானாகக் கூடும் என்று ஊழியர்கள் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் திட்டம் அது. அதில் சேர்ந்தவர்களின் சேமிப்பு 40 மாதங்களில் சம்பளத்தின் 3.5 விழுக்காட்டிலிருந்து 13.6 விழுக்காடாக உயர்ந்தது. மாதாமாதம் புதிதாக முடிவெடுக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லாமல் போனது என்பதே இங்கே கவனிக்க வேண்டியது.

கடன் இருக்கிறது. முதலில் சேமிப்பதா, கடனை அடைப்பதா?

வட்டியை ஒப்பிடுங்கள். மாதம் 3 விழுக்காடு வட்டி ஓடும் கார்டுக் கடன், கட்டாமல் விட்டால், ஓராண்டில் 100ஐ ஏறக்குறைய 142.6 ஆக்கிவிடும். எந்தச் சாதாரணச் சேமிப்புக் கணக்கும் அந்த வேகத்தில் வளராது. எனவே அதிக வட்டிக் கடனை அடைப்பதே மிக உயர்ந்த, உறுதியான ஆதாயம். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவந்தால் அதில் பெரும்பகுதி வட்டிக்கே போய், அசல் நகராமல் நிற்கும்.

ஆனாலும் கையில் ஒன்றுமில்லாமல் முழுவதையும் கடனுக்குக் கட்டிவிடாதீர்கள். எதிர்பாராத ஒரு பழுதோ மருத்துவச் செலவோ வந்தால் மீண்டும் அதே கார்டைத்தான் நாட வேண்டியிருக்கும். ஒரு சிறு அவசரத் தொகையை முதலில் சேர்த்துக்கொண்டு, பிறகு குறைக்கும் செலவையெல்லாம் முந்தைய விடையில் சொன்னபடி அதே நாளில் கடனுக்குத் திருப்புங்கள்.

வருமானமே போதவில்லை. இதில் எதைக் குறைக்கச் சொல்கிறீர்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்பவரிடம் சிக்கனம் பற்றிப் பேசுவது நியாயமல்ல என்றே நினைக்கிறேன். அடிப்படைத் தேவைக்கே வருமானம் எட்டாதபோது சிக்கல் பழக்கத்தில் இல்லை, வருமானத்தில் இருக்கிறது. போதாக்குறைக்கு, பணம் குறைவாக உள்ளவர் பலவற்றுக்கு அதிக விலை கொடுக்க நேர்கிறது. மொத்தமாக வாங்க முடியாமல் சிறிய பாக்கெட்டின் கூடிய அலகு விலையைக் கொடுக்கிறார், கணக்கில் இருப்பு குறைந்ததற்கு அபராதம் கட்டுகிறார், நாள் தவறியதற்குத் தாமதக் கட்டணம் கட்டுகிறார்.

இந்த அபராதங்களை ஒழிப்பது மட்டுமே நான் துணிந்து சொல்லக்கூடிய யோசனை. கட்டண நாட்களைச் சம்பள நாளை ஒட்டி மாற்றித் தரும்படி பல நிறுவனங்களிடம் கேட்கலாம். தவணையாகக் கட்ட முடியுமா என்று நாள் தவறுவதற்கு முன்பே பேசலாம். உரிமையுள்ள அரசு உதவிகளையும் சலுகைகளையும் தயங்காமல் விண்ணப்பித்துப் பெறுங்கள். வேறெந்தக் குறைப்பும் உணவிலும் உடல்நலத்திலும் கைவைக்கும் என்றால் அதைச் செய்யாதீர்கள்.

நான் மட்டும் குறைத்து என்ன பயன், வீட்டில் மற்றவர்கள் கேட்பதே இல்லை.

கணக்கேட்டைக் காட்டிக் குற்றம் சாட்டினால் யாரும் கேட்கமாட்டார்கள். எதற்காகச் சேமிக்கிறோம் என்பதை முதலில் சேர்ந்து முடிவு செய்யுங்கள். அது அவர்களும் விரும்பும் ஒன்றாக இருக்கட்டும். பிறகு முன்னே சொன்ன கணக்குச் சொல்ல வேண்டாத தொகையை வீட்டில் ஒவ்வொருவருக்கும் சமமாகக் கொடுங்கள். அதில் என்ன வாங்கினார்கள் என்று கேட்காமல் இருப்பதை நீங்கள் கட்டாயம் காப்பாற்ற வேண்டும். நண்பர்கள் விஷயத்திலும் இதே நேர்மை உதவும்: இந்த மாதம் இவ்வளவுக்குள் முடித்துக்கொள்கிறேன் என்று போவதற்கு முன்பே சொல்லிவிட்டால் பெரும்பாலோர் மதிப்பார்கள்.

ஒரு மாதம் நன்றாகப் போகிறது, அடுத்த மாதம் பழையபடி ஆகிவிடுகிறது.

பழக்கம் 21 நாளில் படிந்துவிடும் என்று பரவலாகச் சொல்லப்படுவதை நம்பி ஏமாற வேண்டாம். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த ஃபிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய செயல் தானாக நிகழும் நிலையை எட்ட இடைநிலையாக 66 நாட்கள் ஆயின. ஆளையும் செயலையும் பொறுத்து அது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறுவது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. எனவே ஒரு மாதம் சறுக்கினால் கணக்கை மூடிவிடாதீர்கள். எந்த மாற்றம் உங்கள் மனவுறுதியை அதிகம் கேட்கிறதோ அதை மட்டும் விட்டுவிட்டு, தானாக நடக்கும் மாற்றங்களைத் தொடருங்கள்.

விலைவாசி இப்படி ஏறும்போது சேமித்து என்ன பயன்? பணத்தின் மதிப்பு குறைந்துகொண்டேதானே போகும்?

குறையும் என்பது உண்மை. 72ஐ விலையேற்ற விகிதத்தால் வகுத்தால் விலைகள் இரட்டிப்பாக எத்தனை ஆண்டாகும் என்று தோராயமாகத் தெரியும். 6 விழுக்காடு என்றால் 12 ஆண்டு. ஆகவே நீண்டகாலத்துக்கான பணத்தை விலையேற்றத்தைத் தாண்டி வளரக்கூடிய முதலீட்டில் வைக்க வேண்டும். அவசரத் தொகைக்கு இந்த விதி பொருந்தாது. தேவைப்படும் நாளில் கையில் கிடைப்பதே அதன் பயன்.

செலவைக் குறைப்பதற்கு வேறொரு பலமும் உண்டு. உங்கள் மாதச் செலவு எவ்வளவு சிறியதோ, விலையேற்றம் தாக்கும் தொகையும் அவ்வளவு சிறியது. அத்துடன், மிச்சப்படுத்திய பணத்துக்கு வருமான வரி கிடையாது. கூடுதல் வருமானத்துக்கு 20 விழுக்காடு வரி கட்டுபவர், 100 மிச்சப்படுத்துவதற்குச் சமமாகச் சம்பாதிக்க 125 ஈட்ட வேண்டும்.

சம்பளம் உயர்ந்துவிட்டது. இன்னும் இதையெல்லாம் தொடர வேண்டுமா?

எல்லாவற்றையும் தொடரத் தேவையில்லை. சிறு மிச்சத்துக்காக அரை நாளை அலைச்சலில் கழிப்பதை விட்டுவிடலாம், தினசரிக் கணக்கெழுதுவதையும் நிறுத்தலாம். உயர்ந்த சம்பளத்தின் முதல் மாதம் மட்டும் கவனமாக இருங்கள். வசதிகள் அந்த மாதத்தில்தான் புதிதாக வீட்டுக்குள் வருகின்றன, வந்த வசதி இரண்டு மூன்று மாதத்தில் தேவையாக மாறிவிடுகிறது. உயர்வில் பாதியை முதல் மாதத்திலேயே தானியங்கிச் சேமிப்புக்குத் திருப்பிவிட்டு, மீதிப் பாதியை மகிழ்ச்சியோடு செலவு செய்யுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை சந்தாக்களையும் கைப்பேசித் திட்டத்தையும் காப்பீட்டுக் கட்டணத்தையும் ஒரு தாளில் எழுதிப் பார்க்கும் வழக்கத்தை மட்டும், சம்பளம் எவ்வளவு உயர்ந்தாலும், விடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.